மாடுகளை விலைக்கு வாங்கிய அரசு

மழை பொய்த்தால் உழவனுக்கு அரசு என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை எளிது என்று மாணவர்கள் நினைக்கலாம். பணம் கொடுக்க வேண்டும், தானியம் கொடுக்க வேண்டும், கடனைத் தள்ள வேண்டும் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் எவ்வளவு பணம், யார் கையில், எந்த நாளில், எதற்கு ஈடாக என்று கேட்கத் தொடங்கினால் விடை அத்தனை எளிதன்று. இன்று நான் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றிலிருந்து சில பக்கங்களைப் புரட்டிக் காட்ட விரும்புகிறேன். செல்வம் மிகுந்த அந்நாட்டில் உழவனுக்கு என்ன குறை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வானம் மட்டும் செல்வரென்றும் வறியரென்றும் பார்ப்பதில்லை. அந்த நாட்டு அரசும் உழவனுக்கு உதவும் முறையை ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை.

1886 ஆம் ஆண்டிலும் அதை அடுத்த ஆண்டிலும் டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் கடும் வறட்சி. புதிதாகக் குடியேறிய உழவர்கள் விதைத் தானியத்தையும் உண்டுவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு விதை வாங்கிக் கொடுக்கப் பத்தாயிரம் டாலர் ஒதுக்கி, அந்நாட்டுப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ் ஒரு மசோதா நிறைவேற்றியது. பெரிய நாட்டுக்குப் பத்தாயிரம் டாலர் ஒரு தொகையா? ஆயினும் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து 1887 பிப்ரவரியில் அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார். மக்கள்தாம் அரசைத் தாங்க வேண்டும். அரசு மக்களைத் தாங்கத் தொடங்கினால் அவர்களுடைய உறுதி குலையும், அண்டை அயலாரின் இரக்கமும் வற்றிப்போகும் என்பது அவர் கொள்கை. அவரைக் கல்நெஞ்சர் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. அக்காலத்தில் நாணயமான மனிதர் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவியான கிளாரா பார்ட்டன் அம்மையார் அந்த வறட்சிப் பகுதிக்கு நேரில் சென்று பார்த்தார்; பொதுமக்களின் நன்கொடையும் வந்தது. இரக்கம் இருந்தது. ஆனால் இரக்கத்துக்கு விதைப்புப் பருவம் தெரியாது.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1930 இல் வறட்சி வேறொரு மூலையில் வந்தது. ஆர்க்கன்சஸ் மாநிலமும் அதைச் சுற்றிய பகுதிகளும் வெந்தன. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஹூவர். முதல் உலகப்போரில் பசித்துக் கிடந்த பெல்ஜியம் நாட்டு மக்களுக்குக் கப்பல் கப்பலாக உணவு அனுப்பிப் புகழ்பெற்றவர் அவரே என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அவருடைய ஆட்சியில் 1930 டிசம்பரில் காங்கிரஸ் நாலரைக் கோடி டாலர் கடனுக்கு வகை செய்தது. நம் பாட்டனார்கள் தக்காவிக் கடன் என்று சொல்வார்களே, அதைப் போன்றது அது. அந்தக் கடனைக் கொண்டு விதை வாங்கலாம், உரம் வாங்கலாம், உழவு மாடுகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் தீனி வாங்கலாம். உழவனுடைய வீட்டுக்கு மாவு வாங்கக் கூடாது! மனிதனுக்குச் சோறு போடுவது செஞ்சிலுவைச் சங்கத்தின் வேலை, அரசின் வேலையன்று என்று வாதித்தார்கள். கழுதைக்குத் தீனி உண்டு, அதை ஓட்டுகிறவன் பிள்ளைக்கு இல்லை. சட்டமன்றங்களில் நல்ல நோக்கத்தோடு நடக்கும் வாதங்கள் சில சமயம் இத்தகைய இடத்தில் வந்து நிற்கின்றன.

1931 ஜனவரி 3 ஆம் நாள் ஆர்க்கன்சஸில் உள்ள இங்கிலாந்து என்னும் சிற்றூருக்குச் சில நூறு உழவர்கள் திரண்டு வந்தார்கள். உணவுக்கு மனுக் கொடுக்க வேண்டிய அச்சுத்தாள் செஞ்சிலுவைச் சங்கத்தில் தீர்ந்துபோயிருந்தது. தாள் இல்லை, ஆகவே உணவு இல்லை. வந்தவர்கள் கொள்ளையிட வரவில்லை; ஆனால் உணவின்றித் திரும்பவும் அவர்கள் ஆயத்தமாயில்லை. கடைக்காரர்கள் நிலைமையை உணர்ந்து உணவுப் பொருள்களை எடுத்துக் கொடுத்தார்கள். இச்செய்தி நாடெங்கும் பரவியது. அச்சுத்தாள் தீர்ந்ததனால் பசி நிற்காது என்ற பாடத்தை அலுவலகங்களில் பணிபுரியப் போகும் இளைஞர்கள் மனத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இனி 1934 க்கு வருவோம். நான் சொல்ல வந்த கதையின் நடுப்பகுதி இதுதான்.

அமெரிக்காவின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பெரும் புல்வெளி கிடக்கிறது. அங்கே மழை குறைவு, காற்று மிகுதி. புல்லின் வேர்கள் பின்னிப் பிணைந்து மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. முதல் உலகப்போரின்போது கோதுமைக்கு ஒரு புஷலுக்கு 2 டாலருக்குக் குறையாத விலையை அரசே உறுதி செய்தது. இழுவை இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. புல்லைக் கிழித்து உழுதார்கள். பின்னர் விலை சரிந்தது. 1932 இல் 40 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. விலை சரியச் சரிய, பழைய வருமானத்தை எட்டுவதற்காக இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். அப்போது மழை நின்றது. பயிரும் இல்லை, பழைய புல்லும் இல்லை. மண் வெறுமையாய்க் கிடந்தது. 1934 மே மாதத்தில் எழுந்த ஒரு புழுதிப்புயல் அந்த மண்ணைத் தூக்கிச் சென்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் கொட்டியது. அட்லாண்டிக் கடலில் கரையிலிருந்து 300 மைல் தொலைவில் சென்ற கப்பல்களின் மேல்தளத்திலும் புழுதி படிந்தது. அவ்வாண்டு 27 மாநிலங்கள் கடும் வறட்சியில் சிக்கின.

பயிர் செய்தவன் நிலை ஒருவிதம் என்றால், மாடு வளர்த்தவன் நிலை வேறு. பயிர் கருகினால் அன்றோடு இழப்பு முடிந்தது. மாடு நாள்தோறும் தின்ன வேண்டும். வைக்கோல் விலை ஏறுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை விற்க ஓடுவதால் மாட்டு விலை இறங்குகிறது. சந்தைக்கு ஏற்றிச் செல்லும் இரயில் கூலிக்கும் அந்த விலை தேறாத நிலை வந்தது. சந்தைக்கு ஓட்டிச் சென்றாலும் நட்டம், வீட்டில் வைத்தாலும் நட்டம். போதாக்குறைக்கு அந்த மாடுகளில் பெரும்பாலானவற்றின்மேல் வங்கிக்கடன் வேறு இருந்தது.

குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1934 ஜூனில் வறட்சி உதவிக்கென 52 கோடியே 50 இலட்சம் டாலர் பெற்றது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு மாடுகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. நெருக்கடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட வட்டங்களில் உழவர் தம் மாடுகளை ஓரிடத்துக்கு ஓட்டி வர வேண்டும். விலை மதிப்பிடுபவர் ஒருவர், கால்நடை ஆய்வாளர் ஒருவர் வருவார்கள். உண்ணத்தக்க இறைச்சி தேறும் மாடுகள் ஒருபுறம் பிரிக்கப்படும். எலும்பும் தோலுமாய்ப் பயணத்தைத் தாங்கமாட்டாத மாடுகளை அங்கேயே சுட்டுப் புதைத்துவிடுவார்கள். தொடக்கத்தில் நெருக்கடிப் பகுதிகளில் வாங்கிய மாடுகளில் பாதிக்குமேல் இவ்வாறு கழிக்கப்பட்டன.

இந்தப் பாடத்தை நான் வகுப்பில் சொன்ன நாளில், கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, மாட்டைச் சுடுவது உதவியா?” என்று கேட்டான். வகுப்பு முழுதும் அமைதியாகிவிட்டது. மாட்டைத் தன் குடும்பத்தில் ஒருவராக எண்ணும் வீட்டுப் பிள்ளை அவன். அவன் கேள்வி அமெரிக்க உழவனுக்கும் புரிந்திருக்கும். தான் பேர் வைத்து வளர்த்த பசு துப்பாக்கி முன் நிற்பதைப் பார்க்க மாட்டாமல் வீட்டுக்குள் போய்விட்ட குடும்பங்கள் அங்கும் இருந்தன. கணக்கைச் சொன்னால் துக்கம் தீராது. ஆயினும் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 டாலர் வரை கொடுத்தார்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்டதற்கு 10 முதல் 15 டாலர். கன்றுக்கு 4 முதல் 8 டாலர். இது நல்ல காலத்து விலையன்று. ஆனால் வாங்குவோரே இல்லாத காலத்தில் வாங்க ஒருவர் வந்தார் என்பதே பெரிது. இந்தத் தொகையை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒன்று மாட்டின் விலை. மற்றொன்று உழவனுக்கு உதவித்தொகை. விலைப்பகுதியில் கடன் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு. உதவிப் பகுதியைக் கடன்காரர் தொட முடியாது. அது உழவன் கையில்தான் சேரும். பெரிய மாட்டுக்கு அந்தப் பகுதி 6 டாலர், இடைப்பட்டதற்கு 5, கன்றுக்கு 3.

மாணவர்களே, இந்த ஆறு டாலரை நான் பெரிதாக மதிக்கிறேன். கோடிக்கணக்கான ஒதுக்கீட்டைப் பற்றிய தலைப்புச் செய்திகளைவிட இச்சிறு விதி எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. இவ்விதி இல்லையென்றால் என்ன நடந்திருக்கும்? அரசின் பணம் உழவனுடைய முற்றத்தின் வழியாக நடந்து நேரே வங்கிக்குப் போயிருக்கும். மாடும் போய், பணமும் போய், அவன் வெறுங்கையோடு நின்றிருப்பான். வறட்சி உதவி பெற்றவர் பட்டியலில் மட்டும் அவன் பெயர் இருந்திருக்கும். அதற்காகக் கடன் கொடுத்தவரை முற்றிலும் ஒதுக்கியிருந்தால், அவர் விற்பனைக்கு இசைந்திருக்கமாட்டார். அடுத்த ஆண்டு கடனும் கிடைத்திராது. இரு பக்கமும் பார்த்து இக்கோட்டைக் கிழித்தவர் யாரோ, அவர் உழவனுடைய பெட்டியைத் திறந்து பார்த்தவராக இருக்க வேண்டும். உதவியைப் பெற உழவன் ஓர் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியிருந்தது. பின்னால் அரசு வகுக்கும் உற்பத்தி ஒழுங்குத் திட்டங்களில் ஒத்துழைப்பதாக உறுதி சொல்ல வேண்டும். இதை விரும்பாமல் முணுமுணுத்த பண்ணைக்காரர் உண்டு. முணுமுணுத்தாலும் மாடுகளைக் கொண்டுவந்தார்கள்.

தேறிய மாடுகள் என்ன ஆயின? இதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1933 இல் பன்றி விலையை உயர்த்துவதற்காக அறுபது இலட்சம் பன்றிகளை அரசு வாங்கிக் கொன்றது. அவற்றில் பெரும்பகுதி உணவாகவில்லை. நகரங்களில் வேலையற்றோர் பசியோடு வரிசையில் நிற்கும்போது இறைச்சியை வீணாக்குவதா என்று நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பின் விளைவாக அவ்வாண்டு அக்டோபரில் உபரிப் பொருள்களை ஏழைகளுக்குச் சேர்க்கும் கூட்டரசுக் கழகம் ஒன்று தோன்றியது. 1934 இல் வாங்கிய மாடுகளில் உண்ணத்தக்கவை அக்கழகத்துக்குப் போயின. இறைச்சியைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் பணியில் வேலையற்றோரையும் அமர்த்தினார்கள். ஓரிடத்து உழவனின் துன்பம் இன்னோரிடத்துக் குழந்தையின் கலத்தில் உணவாக விழுந்தது. சில மாடுகள் மழை பெய்த மாநிலங்களின் மேய்ச்சலுக்கு இரயிலில் அனுப்பப்பட்டன. மொத்தத்தில் ஏறத்தாழ 83 இலட்சம் மாடுகள் வாங்கப்பட்டன. 11 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. நாட்டில் அன்றிருந்த மாடுகளில் இது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. எஞ்சிய மாடுகளுக்கு எஞ்சிய புல் ஓரளவு போதுமாயிற்று.

இதே அரசு, இதே ஆண்டுகளில், இதே போன்ற வேலையை வேறொரு மக்களிடம் வேறு விதமாகச் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

தென்மேற்கில் நவஹோ என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வாழ்வு ஆட்டு மந்தையைச் சுற்றியது. மந்தை பெரும்பாலும் பெண்களின் உடைமை. அந்த நிலத்தில் ஆடுகள் அளவுக்கு மீறிப் பெருகிப் புல் அழிந்தது, மண் அரித்தது, அரித்த மண் கொலராடோ ஆற்றில் கட்டப்பட்டுவந்த பேரணையில் சென்று நிரம்பும் என்று நிபுணர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. பழங்குடியினர் விவகாரத் துறையின் தலைவராயிருந்த ஜான் காலியர் அம்மக்களிடம் அன்பு கொண்டவர்தாம். ஆயினும் 1933 முதல் ஆடுகளைக் குறைக்கும் திட்டம் மேலிருந்து இறங்கியது. பெரிய மந்தைக்காரர்கள் கழிசடை ஆடுகளைத் தள்ளிவிட்டுத் தப்பினார்கள். நாலைந்து வெள்ளாடுகளின் பாலையும் இறைச்சியையும் நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள் அடிபட்டன. இரயில் நிலையம் வெகுதொலைவு என்பதால் பல ஆடுகளைப் பள்ளத்தாக்குகளில் சுட்டு அப்படியே விட்டுச் சென்றார்கள். அந்த மக்கள் இதை உதவி என்று ஒருநாளும் எண்ணவில்லை. தலைமுறைகள் கடந்தும் அந்தக் காலத்தைத் துயரத்தோடு பேசுகிறார்கள்.

சமவெளி உழவன் தானே ஓட்டி வந்தான், விலை பேசப்பட்டது, கையெழுத்து கேட்கப்பட்டது. நவஹோ கிழவியிடம் யாரும் கேட்கவில்லை. மாணவன் அன்று கேட்ட கேள்விக்கு, இவ்விரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துக் காட்டுவதைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை.

மாட்டை வாங்கிவிட்டால் மட்டும் மண் பறப்பது நிற்குமா? ஹியூ பென்னெட் என்ற மண் அறிஞர் இதை விடாது சொல்லி வந்தார். 1935 இல் அவர் வாஷிங்டனில் ஆட்சிமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்லும்போது, மேற்கிலிருந்து ஒரு புழுதிப்புயல் வந்துகொண்டிருப்பதை அறிந்து, அது வந்து சேரும்வரை பேச்சை நீட்டினார் என்று சொல்வார்கள். சன்னல் இருண்டதும் உறுப்பினர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லையாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் துணைக்கருவிகளைப் பற்றி எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு துணைக்கருவி எந்த ஆசிரியருக்கும் வாய்த்ததில்லை. 1935 ஏப்ரல் 27 ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சரிவுக்குக் குறுக்கே உழவும் வரப்புக் கட்டவும் உழவருக்குக் கற்றுக்கொடுத்து, அதற்குப் பொருளுதவியும் செய்தார்கள். வடக்கு டக்கோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை காற்றுத் தடுப்பு மரவரிசைகள் நடப்பட்டன. 1942 க்குள் 22 கோடி மரங்கள். 1938 இல் பயிர்க் காப்பீட்டுக் கழகம் ஏற்பட்டது. முதலில் கோதுமைக்கு மட்டும்.

இவையெல்லாம் நிலமுடையவனை நோக்கியே சென்றன என்பதையும் மறக்கலாகாது. குத்தகைக்கு உழுதவனும் கூலிக்கு உழைத்தவனும் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியா நோக்கிப் போனார்கள். நிலத்துக்கு வந்த உதவித்தொகை நிலத்தில் நின்றவனைப் பல இடங்களில் எட்டவில்லை. இந்தக் குறை அந்நாட்டோடு நின்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

நம் காலத்துக்கு அருகில் வருவோம். 2012 இல் அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வறட்சி பிடித்தது. பயிர் செய்தோருக்குக் காப்பீடு கைகொடுத்தது. அவ்வாண்டுப் பயிர்களுக்கு 1,700 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டது. மாடு வளர்த்தோருக்கு? அவர்களுக்கான உதவித் திட்டம் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. ஆனால் அது 2011 செப்டம்பர் 30 ஆம் நாளோடு காலாவதியாகிவிட்டது. புதுச் சட்டம் பற்றிக் காங்கிரஸ் பேசிக்கொண்டே இருந்தது. அரசு தன்னால் இயன்றதைச் செய்தது: மண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த நிலங்களில் மேய்ச்சலுக்கும் புல் அறுப்புக்கும் அனுமதித்தது, 17 கோடி டாலர் வரை பன்றி, ஆடு, கோழி இறைச்சியும் மீனும் வாங்கி உணவுத் திட்டங்களுக்குக் கொடுக்க முன்வந்தது. இருந்தும் பண்ணைகள் மாடுகளை விற்றன. 2014 தொடக்கத்தில் அந்நாட்டு மாடுகளின் தொகை 1951 க்குப்பின் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது.

2014 இல் சட்டம் வந்தது. 2011 அக்டோபர் முதல் நேர்ந்த இழப்புக்கும் பணம் தருவதாக அது சொன்னது. நல்லதுதான். ஆனால் மூன்று தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த பசுக்களை 2012 இல் விற்றவருக்கு 2014 இல் பணம் வந்தது, பசு வரவில்லை. அந்தப் புல்வெளியின் மேடு பள்ளமும் தண்ணீர் இருக்கும் இடமும் அறிந்த பசுவைச் சந்தையில் வாங்க முடியாது.

அந்தச் சட்டத்தில் நான் பாராட்டும் ஒன்று உண்டு. 1999 முதல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகமும் அரசுத் துறைகளும் சேர்ந்து வாரந்தோறும் வியாழக்கிழமை ஒரு வறட்சிப் படம் வெளியிடுகின்றன. வறட்சியின் கடுமைக்கேற்ப அதில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்கள். வட்டம் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால் உதவி தொடங்கும், சிவப்பானால் உடனே தொடங்கும் என்று 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. எந்த அமைச்சரையும் போய்க் காண வேண்டியதில்லை. எந்தக் குழுவும் வந்து பார்வையிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதிபெற்ற ஒவ்வொரு மாதத்துக்கும் தீனிச் செலவில் 60 சதவிகிதம் என்று அச்சட்டம் கணக்கிட்டது. வறட்சி தாங்காமல் முன்பே விற்றுவிட்ட மாட்டுக்கும் அந்தத் தொகையில் 80 சதவிகிதம் உண்டு என்றது. மீதித் தீனிக்குப் பண்ணைக்காரரே வழி தேட வேண்டும். அதற்குத்தான் இன்றும் வங்கிக்குப் போகிறார்கள்.